கம்ப்யூட்டரில் சரி, துணியில் தப்பு: ஆடை கேட் (CAD) வேலையில் பிழை எங்கே ஒளிந்திருக்கும்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருக்கு மாஸ்டர்" என்று அடிக்கடி சொல்வேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் பதில் பேசமாட்டார். வெட்டிய துணியைக் கொண்டுவந்து கீபோர்டு மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். காட்பாடி பக்கத்தில் சின்ன யூனிட் எங்களுடையது. பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆஸ்பத்திரி ஸ்க்ரப், இடையிடையே வெளியூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகச் சட்டை. பேட்டர்ன் (ஒவ்வொரு துண்டின் வரைபடம்), கிரேடிங் (அதையே ஒவ்வொரு சைஸுக்கும் ஏற்றி இறக்குவது), மார்க்கர் (எல்லாத் துண்டையும் துணி அகலத்துக்குள் நெருக்கி வைத்த வரைபடம்) எல்லாம் கேட், அதாவது கம்ப்யூட்டரில் வரையும் சாஃப்ட்வேரில், வெட்டுவது மட்டும் துணியை அடுக்கடுக்காக விரித்து, கையில் பிடிக்கும் ஸ்ட்ரெய்ட் நைஃப். இத்தனை வருஷத்தில் சாஃப்ட்வேரே கணக்குத் தப்பாகப் போட்டு நான் பார்த்ததில்லை. நாம் அதற்குச் சொன்னது ஒன்று, துணி கேட்டது வேறொன்று, அவ்வளவுதான்.

அதனால் எந்தப் பிழை வந்தாலும் முதலில் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுங்கள். சந்தேகப்படுகிற ஒரே ஒரு அளவை, உதாரணத்துக்கு முன்பக்க நீளத்தை, ஆறு இடத்தில் அளந்து எழுதுங்கள்: ஸ்பெக் ஷீட்டில் (வாடிக்கையாளர் தரும் அளவுப் பட்டியல்) என்ன, திரையில் என்ன, பிளாட்டர் (நிஜ அளவில் வரைந்து தரும் மெஷின்) பேப்பரில் என்ன, வெட்டிய துண்டில் என்ன, தைத்த பிறகு என்ன, துவைத்த பிறகு என்ன. எண் எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் தாவுகிறதோ அங்கேதான் பிழை. இதைச் செய்யாமல் நேராகப் பேட்டர்னில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிவைப்பவர்கள் உண்டு. அந்த ஆர்டர் எப்படியோ ஒப்பேறிவிடும், ஆனால் அடுத்த துணிக்கு அதே பேட்டர்னை எடுக்கும்போது அந்த ஒரு சென்டிமீட்டர் எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அளக்கிற டேப்பையும் முதலில் சந்தேகப்படுங்கள். தையல்காரர் கழுத்தில் இரண்டு வருஷம் தொங்கிய டேப் நீண்டிருக்கும். ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் எங்கள் யூனிட்டில் ஒரு டேப் 4 மி.மீ. பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வைத்து நாங்கள் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறோம்.

கோப்பைத் திறந்தால் சட்டை தீப்பெட்டி அளவில் இருக்கிறது

இதுதான் இருப்பதிலேயே சுலபமான பிழை, ஏனென்றால் கண்ணுக்கே தெரிந்துவிடும். அனுப்பியவர் அங்குலத்தில் வரைந்திருக்கிறார், நம் சாஃப்ட்வேர் மில்லிமீட்டராக எடுத்திருக்கிறது. 30 அங்குலச் சட்டை 30 மி.மீ. ஆகிவிட்டது. 25.4 மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடும், ஆனால் அப்படிச் செய்யாமல் மறுபடி இம்போர்ட் செய்யும்போதே யூனிட்டை மாற்றிக் கொண்டுவாருங்கள். கையால் பெரிதாக்கினால் வெளிக்கோடு சரியாகும், கிரேடிங் எண்கள் பழைய யூனிட்டிலேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு.

ஏஏஎம்ஏ (AAMA, ஆடை பேட்டர்னுக்கான பொது முறை) வகை டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பாக இருந்தால் நோட்பேடில் திறந்து பார்க்கலாம், அது வெறும் எழுத்துக் கோப்புதான். உள்ளே யூனிட் என்ற சொல்லைத் தேடினால் இங்கிலீஷ் என்றோ மெட்ரிக் என்றோ எழுதியிருக்கும். இங்கிலீஷ் என்றால் அங்குலம். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு இம்போர்ட் செய்தால் இந்தத் தலைப்பையே தாண்டிப் போய்விடலாம்.

பத்து மடங்கு வித்தியாசம் என்றால் சென்டிமீட்டர், மில்லிமீட்டர் குழப்பம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

திரையில் சரி, பேப்பரில் கொஞ்சம் குறைகிறது

பெரிய வித்தியாசம் வந்தால் பயமில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள். ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தால்தான் ஆபத்து, அது யார் கண்ணிலும் படாமல் துணிவரை போய்விடும். இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: 100 செ.மீ.க்கு 100 செ.மீ. சதுரம் ஒன்றை வரைந்து பிளாட் எடுங்கள். நான்கு பக்கத்தையும் ஸ்டீல் ஸ்கேலில் அளந்து, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள், இரண்டும் 141.4 வர வேண்டும்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்குக் குறைந்து 98.4 வந்தால், பிளாட்டர் மொழிப் பிரச்சினை. பிளாட்டருக்குக் கட்டளை சொல்லும் எச்பிஜிஎல் (HPGL) மொழியில் ஒரு மில்லிமீட்டருக்கு 40 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு 1016. சாஃப்ட்வேரில் பிளாட்டர் அமைப்பில் யாரோ ரவுண்டாக 1000 என்று போட்டிருப்பார்கள். ஆயிரத்தை ஆயிரத்துப் பதினாறால் வகுத்துப் பாருங்கள், அந்த 98.4 அங்கே நிற்கும்.

அகலம் சரி, நீளம் மட்டும் குறைகிறது என்றால் பேப்பர் உருளையில் வழுக்குகிறது. உருளையைத் துடையுங்கள், அழுத்தத்தைக் கூட்டுங்கள், அதற்குப் பிறகும் குறைந்தால் மட்டும் அமைப்பில் திருத்தம் கொடுங்கள். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்து மூலைவிட்டம் இரண்டும் வேறுவேறாக வந்தால் பேப்பர் கோணலாக ஏறியிருக்கிறது.

இன்னொன்று, நம்ம ஊருக்கே உரியது. மே மாசத்தில் வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் காய்ந்து கிடக்கிற பேப்பரும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்த பேப்பரும் ஒன்றல்ல. பேப்பர் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ராத்திரியே மார்க்கர் எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டுக் காலையில் வெட்டுகிறவர்கள், நீளமான மார்க்கரை வெட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

தைத்த சட்டை ஸ்பெக்கோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் வெட்டிய துண்டு சரியாக இருக்கிறது

இதில் பாதிப் பிழை அளக்கிற முறையில்தான். சட்டை நீளம் என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கிருந்து அளப்பது? கழுத்தை ஒட்டிய ஷோல்டர் உச்சியிலிருந்து அளந்தால் ஒரு நீளம், பின்பக்கம் காலர் கீழே நடுவிலிருந்து அளந்தால் வேறு நீளம். மார்பு என்றால் முழுச் சுற்றா, சட்டையைப் படுக்கவைத்த அகலமா? அக்குளிலேயே அளப்பதா, அதற்கு ஒரு அங்குலம் கீழேயா? பையர் (ஆர்டர் கொடுப்பவர்) அனுப்பும் டெக் பேக்கில் (ஆடையின் முழு விவரத் தொகுப்பு) படம் போட்டு அம்புக்குறியோடு காட்டியிருப்பார்கள், நாம்தான் படத்தைப் பார்க்காமல் அட்டவணையை மட்டும் பிரிண்ட் எடுத்து மாஸ்டரிடம் கொடுக்கிறோம். படம் இல்லாத ஸ்பெக் வந்தால், போனைப் போட்டுக் கேட்டு, நீங்களே அம்புக்குறி வரைந்து திருப்பி அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஐரோப்பாவிலிருந்து வரும் ஸ்பெக்கில் 52,5 என்று இருந்தால் அது ஐம்பத்திரண்டரை. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் கமா வைக்கிறார்கள். இது பரவாயில்லை. எக்செல் செய்கிற கூத்து இதைவிடப் பெரிது. அங்குலக் கணக்கில் ஸ்பெக் டைப் செய்யும்போது ஒரு கட்டத்தில் 3/8 என்று அடித்தால் அது ஆகஸ்ட் 3-ஆம் தேதியாக மாறிவிடும். பாக்கெட் ஓரத் தையல் தூரம் "03-ஆகஸ்ட்" என்று ஒரு ஷீட்டில் பார்த்த ஹெல்பர் பையன், அது டெலிவரி தேதி என்று நினைத்து போர்டில் எழுதிவைத்துவிட்டான். அந்த இடத்தில் முன்னால் ஒரு பூஜ்யமும் ஒரு இடைவெளியும் விட்டு 0 3/8 என்று அடியுங்கள், இல்லையென்றால் அந்த வரிசை முழுவதையும் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடியுங்கள். என்னைக் கேட்டால் ஸ்பெக் மொத்தமும் மில்லிமீட்டரில் எழுதுவதுதான் நிம்மதி, ஆனால் தையல் வரிசையில் இருக்கிற அக்காக்களுக்கு அங்குலம்தான் கையில் பழகியது. அதனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறேன்.

அளவு முறையும் சரி, எண்ணும் சரி என்றால் மிச்சம் இருப்பது சீம் அலவன்ஸ், தையலுக்காக ஓரத்தில் கூடுதலாக விடும் துணி. பேட்டர்னில் 1 செ.மீ. விட்டிருக்கிறோம், ஓவர்லாக் மெஷின் ஓரத்தைச் சீவுவதையும் சேர்த்து 7 மி.மீ.தான் எடுத்துக்கொள்கிறது. பக்கத்துக்கு 3 மி.மீ., இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. மொத்தம் 12 மி.மீ. சுற்றளவு கூடிவிடும். ஸ்பெக்கில் தையல் வகையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது இதற்குத்தான். சாதாரண லாக் ஸ்டிச் ஐஎஸ்ஓ 4915-இல் 301. பக்கத் தையலுக்குப் போடுகிற ஐந்து நூல் சேஃப்டி ஸ்டிச் 516. எண் எழுதிவிட்டால் எந்த மெஷின் என்று விவாதம் இல்லை.

கடைசியாக ஒன்று: அடுக்கின் மேல் துண்டு சரி, கீழ்த் துண்டு பெரிது என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள், நைஃப் சாய்ந்திருக்கிறது. அடுக்கு உயரத்தைக் குறையுங்கள்.

துவைத்ததும் குறைந்துவிட்டது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் போவது இங்கேதான். துணி வந்ததும் 50 செ.மீ. சதுரம் ஒன்றை மார்க்கர் பேனாவில் குறித்து, வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படித் துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். பாவு (நீள நூல்) திசையில் 48 வந்தால் 4 சதவீதம், ஊடை (குறுக்கு நூல்) திசையில் 49 வந்தால் 2 சதவீதம். ரோல் ரோலாக இது மாறும், அதனால் ஒரு ரோலில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

அப்புறம் கணக்கு. நிறையப் பேர் 8 சதவீதம் சுருங்கினால் 8 சதவீதம் கூட்டுகிறார்கள். 75 செ.மீ. சட்டைக்கு 81 செ.மீ. வெட்டுகிறார்கள். அந்த 81 துவைத்த பிறகு 8 சதவீதம் சுருங்கினால் 74.5தான் வரும், ஏனென்றால் சுருங்குவது பெரிய அளவிலிருந்து. கூட்டக் கூடாது, 0.92 கொண்டு வகுக்க வேண்டும்: 75-ஐ வகுத்தால் 81.5. ஸ்க்ரப் துணி போல இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும் துணியில் இந்த வித்தியாசம் தெரியாது, டெர்ரி, பனியன் துணிகளில் அரை சென்டிமீட்டராக வந்து நிற்கும். உங்கள் சாஃப்ட்வேரில் சுருக்கம் என்ற கட்டத்தில் 8 என்று போட்டால் அது கூட்டுகிறதா வகுக்கிறதா என்று ஒரு 100 செ.மீ. கோட்டில் போட்டுப் பாருங்கள். 108 வந்தால் கூட்டுகிறது, 108.7 வந்தால் வகுக்கிறது. ஒரு நிமிஷ வேலை.

நீளம் குறைந்து அகலம் கூடியிருந்தால் பாவையும் ஊடையையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் சரியாக இருந்து யோக் (தோள்பட்டைத் துண்டு) மட்டும் தப்பாக வந்தால்? அதில்தான் நான் மாட்டினேன். சுருக்கத்தை சாஃப்ட்வேர் திரையின் குறுக்கு, நெடுக்குத் திசையில் கொடுக்கிறது. யோக்கும் கஃப்பும் (கை நுனிப் பட்டை) திரையில் படுத்த வாக்கில் வரைந்திருந்தேன், துணியில் வேறு வாக்கில் போகிறது. ஆக மொத்தச் சட்டைக்கும் ஒரே சொடுக்கில் சுருக்கம் கொடுத்தபோது யோக்குக்கு 4-ம் 2-ம் இடம் மாறிவிட்டது. ஒவ்வொரு துண்டையும் கிரெயின் லைன் (துண்டில் பாவு திசையைக் காட்டும் கோடு) ஒரே திசையில் நிற்கும்படி திருப்பி வைத்துவிட்டுச் சுருக்கம் கொடுங்கள்.

பேட்டர்னில் ஒருமுறை, மார்க்கரில் மறுபடி ஒருமுறை என்று இரண்டு இடத்தில் கொடுத்துவிடுவதும் நடக்கும். துவைத்த பிறகும் பெரிதாகவே இருந்தால் அதைப் பாருங்கள். காலர், கஃப் துண்டுகளுக்கு ஒட்டுக் கேன்வாஸ் வைத்து ஃபியூசிங் பிரஸ்ஸில் விடும்போதே ஒரு சுருக்கம் வந்துவிடும், துவைக்கும் முன்பே. அந்தத் துண்டுகளை ஃபியூஸ் செய்த பிறகு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள்.

கை இரண்டும் ஒரே பக்கம்

"தம்பி, இன்னா இது, ரெண்டு கையும் எடது கையா கீது?" மாஸ்டர் சத்தம் போட்ட அந்த ஒரே நாள் இதுதான். இருநூறு சட்டைக்கு நானூறு இடது கை. அரைக்கை யூனிஃபார்ம் என்பதால் துணி அதிகம் போகவில்லை, மானம்தான் போனது.

துணியை எப்படி விரிக்கிறோம் என்பதும், மார்க்கர் அமைப்பில் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லா அடுக்கும் முகம் மேலே பார்த்து விரித்தால், மார்க்கரிலேயே ஒரு கையும் அதைத் திருப்பிப் போட்ட இன்னொரு கையும் இருக்க வேண்டும். முகத்தோடு முகம் பார்த்து, போய்த் திரும்பி வரும் மாதிரி விரித்தால், ஒரு கை போட்டால் போதும், அடுத்த அடுக்கு தானாகவே வலது ஆகிவிடும். நான் அன்று முகத்தோடு முகம் என்று அமைப்பில் விட்டிருந்தேன், மேஜையில் முகம் மேலே என்று விரித்தார்கள். இப்போது மார்க்கர் பேப்பரின் தொடக்கத்திலேயே, எப்படி விரிக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுகிறேன். பிளாட்டர் எழுதாது, நானே ஸ்கெட்ச் பேனாவில்.

பேண்ட் கால் முறுக்குகிறது, துண்டு மார்க்கரில் கோணலாகக் கிடக்கிறது

கிரெயின் லைன். அது இல்லாத துண்டை, தானாக மார்க்கர் போடும் சாஃப்ட்வேர் இடம் கிடைத்த பக்கமெல்லாம் சுழற்றி வைக்கும், திரையில் எஃபிஷியன்சி (துணியில் எத்தனை சதவீதம் துண்டாகிறது என்ற எண்) அருமையாக 90 காட்டும், நாமும் சந்தோஷப்படுவோம். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று நம்ம வேலூருக்கு ஒரு பட்டியல் சொல்வார்களே, அதில் கிரெயின் லைன் இல்லாத பேட்டர்னையும் சேர்த்துக்கொள்ளலாம். (அந்தப் பட்டியலில் சாமி இல்லாத கோயில் என்றும் ஒன்று உண்டு, 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததால் அது அடிபட்டுப்போனது.) எஃபிஷியன்சி வழக்கத்துக்கு மீறி நன்றாக வந்தால் மகிழ்வதற்கு முன் ஒவ்வொரு துண்டின் கோணத்தையும் பாருங்கள். வெல்வெட், கார்டுராய் போல மயிர் படியும் துணி என்றால் 180 டிகிரி திருப்புவதையும் தடை செய்யுங்கள், இல்லையென்றால் ஒரே பேண்டில் இரண்டு நிறம் தெரியும்.

மீடியம் அழகாக இருக்கிறது, டபுள் எக்ஸ்எல்லில் காலர் எட்டவில்லை, கை ஏறவில்லை

கிரேடிங் பிழைகள் நடுவில் தெரியாது, ஓரத்தில்தான் தெரியும். சாம்பிள் எப்போதும் மீடியத்தில் தைக்கிறோம், அதனால் எல்லாரும் கைதட்டிவிடுவார்கள். எப்போதுமே மிகச் சின்ன சைஸையும் மிகப் பெரிய சைஸையும் திரையில் எடுத்து, ஒன்றோடொன்று தைக்க வேண்டிய கோடுகளை ஓரமாக நடத்திப் பாருங்கள்.

முதலில் கணக்கு. மார்பு ஒரு சைஸுக்கு 4 செ.மீ. ஏற வேண்டும் என்றால் அது முழுச் சுற்று. முன்பக்கத்தின் பாதித் துண்டுக்கு இரண்டு, பின்பக்கத்தின் பாதித் துண்டுக்கு இரண்டு என்று பலரும் போட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு நான்கு கால்பாகம் என்பதால் ஒவ்வொரு கால்பாகத்திலும் 1 மட்டும்தான் ஏற வேண்டும். இரண்டு போட்டால் சுற்று 8 ஏறிவிடும். எண்ணுக்கு முன்னால் கூட்டல், கழித்தல் குறி தலைகீழாக இருந்தால் சைஸ் ஏற ஏறத் துண்டு சுருங்கும், அது பார்த்தவுடனே தெரியும்.

காலர் எட்டாதது ஏன் என்றால், கழுத்துச் சுற்றளவு ஏறுவதும் காலர் நீளம் ஏறுவதும் தனித்தனியாகக் கொடுத்த எண்கள். கழுத்தில் அகலம், ஆழம் என்று இரண்டு புள்ளி நகர்கிறது, வளைவு எவ்வளவு நீளும் என்பது நாம் கொடுத்த எண் இல்லை, அதன் விளைவு. ஆக ஒவ்வொரு சைஸிலும் கழுத்து வளைவை அளந்து, காலருக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுங்கள், ஸ்பெக்கில் இருக்கும் ரவுண்டு எண்ணை அல்ல.

கை விஷயத்தில் ஒரு கண்கட்டு உண்டு. ஆர்ம்ஹோலையும் (உடம்புத் துண்டில் கை சேரும் குழிவு) கையின் மேல் வளைவையும் வெட்டுக் கோட்டில் அளக்காதீர்கள், தையல் கோட்டில் அளங்கள். கை வளைவு வெளியே உப்பியது, அதன் வெட்டுக் கோடு தையல் கோட்டைவிட நீளம். ஆர்ம்ஹோல் உள்ளே குழிந்தது, அதன் வெட்டுக் கோடு தையல் கோட்டைவிடக் குறைவு. அரைவட்டம் போன்ற வளைவில் 1 செ.மீ. உள்ளே நகர்ந்தால் நீளம் 3 செ.மீ.க்கு மேல் மாறும். வெட்டுக் கோட்டில் பார்த்து, கை 4 செ.மீ. பெரிதாக இருக்கிறதே என்று குறைத்துவிட்டால், தைக்கிற அக்கா ஆர்ம்ஹோலைச் சுருக்கிச் சுருக்கி வைத்துத் தைத்து, அக்குளில் மடிப்பு மடிப்பாக வந்துவிடும். நாங்கள் ஒரு ஸ்க்ரப் ஆர்டரில் அப்படிச் செய்தோம், போட்டுப் பார்த்த நர்ஸ் அம்மா கையைத் தூக்கியதும் கீழ் ஓரம் சேர்ந்து தூக்கியது.

நாட்ச் (துண்டுகளைச் சேர்க்க ஓரத்தில் வைக்கும் சின்னக் குறி) இடம் மாறியிருந்தால், நாட்ச்சுக்கு கிரேடிங் கொடுக்கவில்லை என்று அர்த்தம். மீடியத்தில் இருந்த தூரத்திலேயே எல்லா சைஸிலும் நிற்கும்.

மார்க்கர் துணிக்கு வெளியே போகிறது, அல்லது துணி பத்தவில்லை

பில்லில் 58 அங்குலம் என்று இருக்கும். ரோலை விரித்து ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்தில் அளந்து, அதில் சின்ன எண்ணை எடுத்து, கரையையும் ஊசித் துளை இருக்கும் ஓரத்தையும் கழித்தால் வருவதுதான் மார்க்கர் அகலம். அகலம் வேறுபடும் ரோல்களைத் தனித்தனியாகக் கட்டி வைத்து இரண்டு மார்க்கர் போட்டால், சின்ன அகலத்துக்கு எல்லாவற்றையும் குறுக்க வேண்டியதில்லை.

எஃபிஷியன்சி 86 காட்டுகிறது, துணி மட்டும் அதைவிட அதிகம் போகிறது என்றால் அந்த எண்ணுக்குள் வராதவற்றைத் தேடுங்கள். மார்க்கரின் இரண்டு ஓரத்திலும் 2 செ.மீ. விட்டு விரிக்கிறார்கள் என்றால் ஒரு அடுக்குக்கு 4 செ.மீ., 40 அடுக்குக்கு 1.6 மீட்டர். ரோல் முடியும் இடத்தில் ஒட்டுப் போடுவது, கறை வந்த இடத்தை வெட்டுவது எல்லாம் தனி.

கட்டம் சேரவில்லை

குடியாத்தம் லுங்கித் துணி மாதிரியான கட்டத்தில் ஒருவர் சட்டை கேட்டார். கட்டம் 4 செ.மீ. என்று சாஃப்ட்வேரில் கொடுத்து, முன்பக்கம் இரண்டும், பாக்கெட்டும், கையும் சேர்கிற மாதிரி மார்க்கர் அருமையாக வந்தது. தறித் துணியில் கட்டம் ஒரு இடத்தில் 3.9, இன்னொரு இடத்தில் 4.1. ஒரு கட்டத்துக்கு 1 மி.மீ. என்றால் பதினேழு கட்டம் தாண்டும்போது 1.7 செ.மீ. விலகிவிடும். இதைச் சாஃப்ட்வேரால் தீர்க்க முடியாது. சேர வேண்டிய துண்டுகளை மார்க்கரில் சுற்றிலும் 2 செ.மீ. பெரிய கட்டையாக வெட்டிக்கொண்டு, பிறகு கட்டம் பார்த்துக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்து வெட்டுவதுதான் வழி. அதற்கான நேரத்தையும் துணியையும் விலை சொல்லும்போதே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

வேறு சாஃப்ட்வேரில் திறந்தால் நாட்ச்சைக் காணோம், பெயர் எல்லாம் கேள்விக்குறி

ஜெர்பர், லெக்ட்ரா, ஆப்டிடெக்ஸ், டூகாகேட் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். 2021-இல் லெக்ட்ரா ஜெர்பரை வாங்கியும் நமக்கு வருகிற கோப்புகள் அதே பழைய கலவைதான், நடுவில் டிஎக்ஸ்எஃப்தான் பொதுமொழி. ஏஏஎம்ஏ முறையில் வெளிக்கோடு 1-ஆம் லேயர், நாட்ச் 4, கிரெயின் லைன் 7, உள் கோடு 8, ட்ரில் துளை 13, தையல் கோடு 14. அனுப்புபவர் சாதாரண ஆட்டோகேட் டிஎக்ஸ்எஃப்பாகச் சேமித்தால் எல்லாம் வெறும் கோடாக வரும், நாட்ச் என்று தெரியாது. மறுபடி ஏஏஎம்ஏ என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சைஸ் மட்டும் திறக்கிறது என்றால் ஆர்யூஎல் (.rul) என்று முடியும் இன்னொரு கோப்பை அனுப்ப மறந்திருக்கிறார்கள், கிரேடிங் அதில்தான் இருக்கிறது. பெயர் கேள்விக்குறியாக வந்தால் யாரோ துண்டுக்கு "முன்பக்கம்" என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள், நான்தான். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாக வைப்பதே பாதுகாப்பு. வருத்தமாகத்தான் இருக்கிறது.

துணிக்குப் போட்ட மார்க்கரில் தோல் வெட்ட முடியவில்லை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றி இருக்கிறவர்களுக்கு இது. துணியில் கேட் பழகிவிட்டுத் தோல் ஜாக்கெட் வேலைக்குப் போனால் பழைய பழக்கம் எல்லாம் காலை வாரும். தோலில் பாவும் இல்லை ஊடையும் இல்லை, முதுகெலும்புக் கோடுதான் கிரெயின். முதுகில் இழுவை குறைவு, வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். முன்பக்கத் துண்டு ஒன்றை முதுகிலும் அதன் ஜோடியை வயிற்றிலும் வெட்டினால், ஒரு மாதத்தில் ஜாக்கெட் ஒரு பக்கம் தொங்கும். ஆட்டுத் தோல் சின்னது, பேட்டர்ன் துண்டுகளை அதற்குள் அடங்குமாறு பிரித்து, ஜோடிகளை ஒரே தோலில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தோலும் வேறு வடிவம், ஓட்டை, தழும்பு; அதனால் அடுக்கி வெட்டுவது கிடையாது, ஒவ்வொன்றாகத்தான்.

கணக்கு பிசகுவது பரப்பளவில். இங்கே தோலை சதுர அடியில் பேசுகிறோம், ஐரோப்பிய ஸ்பெக்கில் சதுர டெசிமீட்டரில் இருக்கும். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். அப்புறம், தைத்துப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும், துணி மாதிரி மறையாது. முதல் சாம்பிளைக் காடா துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத் தோலைத் தொடுங்கள்.

திருத்தினேன், சேமித்தேன், மறுபடி அதே பழைய அளவு

பேட்டர்னைத் திருத்தினால் ஏற்கனவே போட்ட மார்க்கர் தானாக மாறும் என்று நினைக்காதீர்கள். சில சாஃப்ட்வேரில் மாறும், சிலவற்றில் மார்க்கர் தனக்கென்று ஒரு நகலை வைத்துக்கொண்டிருக்கும். பேட்டர்னில் கையைச் சரிசெய்துவிட்டு, நேற்றைய மார்க்கரையே பிளாட் எடுத்தால் நேற்றைய கைதான் வரும். மார்க்கரைப் புதிதாக ஆர்டரிலிருந்து போட்டு, ஒரு துண்டை மட்டும் அளந்து பாருங்கள். கூடவே ஒவ்வொரு துண்டின் பெயரோடும் திருத்திய தேதி பேப்பரில் அச்சாகும்படி வைத்துவிடுங்கள்.

அப்படி வைத்த மறுநாள் மாஸ்டர் மேஜையில் குனிந்து தேதியைப் படித்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து தேதி போட்டு கீது தம்பி." நான் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன், துணி இன்னும் விரிக்கவில்லை.